நாலு மணிச் சுவர்

பெயிண்டர் நாலாவது சதுரத்தைத் தீட்டிவிட்டு ஏணியில் ஒரு படி இறங்கியபோது, கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த மேட்ரன் கண்ணைத் திறக்காமலேயே, "அது கோணலா இருக்கு," என்றார்.

பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழிலில் அவருக்குப் பட்டப்பெயரே 'நேர்கோடு'. சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் டேப் ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். நூல் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர் நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வலப்பக்கம் அரை விரல் ஏறித்தாம்மா இருக்கு. கண்ண மூடிக்கிட்டு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அவங்க கண்ண மூடினாலும் பார்வை நம்ம மேலதான் இருக்கும்," என்றாள் அவள். மேட்ரனின் உதட்டை ஈரப்படுத்துவதற்காகப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேட்ரனின் தம்பி மனைவி. இருபத்துநாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. மேட்ரனுக்கு மட்டும் அவள் இன்னும் 'பொண்ணு'தான். பொண்ணே, அடுப்ப அணைச்சியா. பொண்ணே, அந்தக் கரண்டி அங்க இல்ல, இங்க. மேட்ரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். தெருவில் பாதிப் பேர் அவர் கையில்தான் முதன்முதலாக அழுதவர்கள். வேலையை விட்டாலும் பட்டம் அவரை விடவில்லை. தம்பியும் அவளும் நேரில் 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர்களுக்கும் அவர் மேட்ரன்தான்.

சமையலறை வேலை தொடங்கி நாலு மாதமாகிறது. சிங்க்குக்கு அடியில் குழாய் கசிந்து கீழ் அலமாரிப் பலகைகள் தண்ணீரில் போட்ட பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டன. எப்படியும் பிடுங்கத்தான் வேண்டும், மொத்தமாகவே செய்துவிடுவோம் என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடுப்புயரம் மட்டும் விட்டு இடித்தார்கள். அதே வாரத்தில்தான் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை என்று மேட்ரன் பரிசோதனைக்குப் போனார். முடிவை அவரே படித்தார். டாக்டர் தொண்டையைச் செருமுவதற்குள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பி, "வேலைய நிறுத்திரலாங்க்கா," என்றார்.

"ஏன்? நான் படுத்தா அடுப்பும் வராந்தாவுல படுக்கணுமா? ஆக வேண்டியதப் பாரு."

எனவே ஆக வேண்டியது ஆனது. கட்டில் கூடத்துக்கு வந்தது. இடித்த சுவர் வழியாகச் சமையலறை முழுதும் மேட்ரனின் கண்முன்னால் கிடந்தது. தரைக்கு ஓடு பதிப்பவரையும் தச்சரையும் படுத்த இடத்திலிருந்தே மேய்த்தார். கீழ் அலமாரிகளுக்கு அவள் மயில்கழுத்து நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இனி மிச்சமிருந்தது சுவர்.

ஒன்பது மணிக்கு ஊசி போடும் நர்ஸ் வந்தாள். மேட்ரனிடம் வேலை கற்றுக்கொண்டவள். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது. மேட்ரனின் விரல்களைப் பிரித்து, நகங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி விட்டாள். அழுத்திய நகம் வெளுத்தது. பழைய நிறம் திரும்ப நேரமெடுத்தது. திரும்பியதும்கூட லேசான நீலமாகத்தான் இருந்தது.

"என்ன சொல்லுது நகம்?" என்றார் மேட்ரன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுது."

"அப்ப சரி."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்குத் தாண்டாதுங்க. அவங்களுக்கும் தெரியும். மெடிக்கல் காலேஜ் நம்பர எடுத்துப் பக்கத்துல வச்சுக்குங்க. எந்நேரம்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க."

மேட்ரன் தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துப் பத்து வருடமாகிறது. அன்றைக்குத் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "இத்தன வருஷம் பாடம் எடுத்தாச்சு. கடைசி கிளாஸ மட்டும் ஏன் கட் அடிக்கணும்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

தம்பி மனைவி உள்ளே வந்து பெயிண்டரிடம், "இன்னைக்கு வேல வேணாங்க. அப்புறமா சொல்லி அனுப்பறேன்," என்றாள்.

"எதுக்கு?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவரு என்னைய என்ன பண்றாரு?"

"பெயிண்ட் வாசம் வருதுக்கா."

"ஆயுசு பூரா டெட்டால மோந்தவளுக்கு இது ஒரு வாசமா? நாலு கட்டம் போட்டாச்சுல்ல. எதுன்னு சொல்லி அனுப்பு."

அதைச் சொல்லத்தான் அவளால் முடியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலை வரை யாருக்காவது ஃபிரேம் எடுத்துக் கொடுத்து, "உள்ள பாத்தா தெரியாதுங்க, வாசல் வெளிச்சத்துக்கு வாங்க," என்று கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியைக் காட்டுவாள். எந்த முகத்துக்கு எந்த நிறம் என்று ஒரு பார்வையில் தெரியும். தன் வீட்டுச் சுவரின் முன்னால் அந்தக் கண் வேலை செய்யவில்லை. முதல் சதுரம் வெந்தயக் கலர். இரண்டாவது பச்சை கலந்த சாம்பல். மூன்றாவது உலர்ந்த மணல். நாலாவது, பயந்து பயந்து போடச் சொன்ன ஒரு இளஞ்சிவப்பு. நான்கும் நல்ல பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஈரத்துல முடிவு பண்ணாதீங்கம்மா," என்றார் பெயிண்டர். "காஞ்சா ஒரு படி கறுக்கும். அட்டையில பாக்கறது வேற, சுவத்துல பாக்கறது வேற. காலைல பாருங்க, மத்தியானம் பாருங்க, லைட்டப் போட்டுப் பாருங்க. கீழ மயில்கழுத்து இருக்குல்ல, அதோட சாயல் மேல ஏறும். நல்ல வெள்ளச் சுவரக்கூட அது சீக்காளி மாதிரி ஆக்கிரும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல," என்றார் மேட்ரன். "சரியாத்தான் சொல்றாரு."

சிங்க்குக்கு அடியிலிருந்து ஸ்பானர் உருளும் சத்தம் கேட்டது. அவள் கணவர் காலையிலிருந்தே அங்கேதான் கிடக்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆட்களோடு நின்றுபோன எந்தப் பெட்டியையும் பதறாமல் இறக்கிவிடுவார். அக்காவின் கட்டிலருகே மட்டும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. வந்து உட்கார்வார், போர்வையின் ஓரத்தை இழுத்துவிடுவார், ஒழுகாத குழாய் ஒழுகுவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

பத்தரை மணிவாக்கில் பெயிண்டர் பழைய மேல் அலமாரியின் ஆணிகள் இருந்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் பூச்சு சில்லாகப் பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"பாருங்கம்மா, வெங்காயத் தோல் மாதிரி. வெள்ள, வெள்ள, வெள்ள... எட்டு தடவ அடிச்சிருக்காங்க. ஆனா அடியில பாருங்க."

அடியில் நூல் கனத்துக்கு ஒரு கனகாம்பரக் கலர்.

அவளுக்குக் காது சூடானது. கல்யாணமாகி வந்த முதல் மாதம் அது. மேட்ரன் இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி. வீடு முழுதும் வெள்ளை. சமையலறை அதைவிட வெள்ளை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட ஊசி போட்டுவிடுவார்களோ என்றிருக்கும். அவள் தானே போய் ஒரு டப்பா வாங்கி வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவர் முழுதும் கனகாம்பரக் கலரை அடித்தாள். அந்த வீட்டில் யாரிடமும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம். சுவர் திட்டுத்திட்டாக இருந்தது. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்ததும் அந்த மூலை முழுக்க ஜொலித்தது. அவளுக்குப் பாட்டே வந்துவிட்டது. மேட்ரன் வந்தார், பார்த்தார், கை கழுவினார், சாப்பிட்டார். மறுநாள் அவள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதற்குள் சுவர் வெள்ளையாக இருந்தது. அதைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தேழு வருடங்களாக அந்தச் சமையலறையில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சமைத்தார்கள்.

"யாரும்மா அடிச்சது?" என்றார் பெயிண்டர்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்களா இருக்கும்," என்றாள் அவள்.

மத்தியானம் வீடு ஒரு மாதிரி மிதந்தது. கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, புதிதாக வாங்கிய குழாயை மறுபடி கழற்றப் போனார். பெயிண்டர் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். அவள் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு மேட்ரனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று ராத்திரி தூங்காத கண். சுவரிலிருந்த நாலு சதுரங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைவிட்டு விலகி நாலு ஜன்னல்கள் ஆயின. வெந்தய ஜன்னலில் யாரோ துணி உலர்த்தினார்கள். சாம்பல் ஜன்னலில் மழை பெய்தது. மணல் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு நீளமான வராண்டா போனது. அதன் கோடியில் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"விளக்கப் போடு," என்றார் மேட்ரன்.

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "பகல்தான்க்கா. வெளிச்சமாத்தான் இருக்கு."

"இன்னும் அழல பாரு. துண்ட எடு. சூடாக்கி எடு." மேட்ரனின் விரல்கள் அவள் உள்ளங்கையை எதையோ துடைப்பது மாதிரி துடைத்தன. பஞ்சு மாதிரி இருந்த விரல்கள். ஆனால் துடைத்த துடைப்பில் பழக்கம் இருந்தது. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மேட்ரன் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. "ம்... வந்திருச்சு," என்றார்.

கடிகாரம் ஓடியதா நின்றதா தெரியவில்லை. பிறகு மேட்ரன் மிகவும் தெளிவான, சாதாரணமான குரலில், "பொண்ணே," என்றார்.

"இருக்கேன்க்கா."

"அந்தக் கனகாம்பரக் கலர்."

"என்னக்கா?"

"நல்ல கலர்தான்."

சொல்லிவிட்டு மேட்ரன் மூச்சு வாங்கினார். அவள் காத்திருந்தாள். வேறெதுவும் வருகிற மாதிரித் தெரியவில்லை.

"அப்புறம் ஏன்க்கா மறுநாளே வெள்ளையடிச்சீங்க?"

"நீ என்னக் கேக்கல."

"அதுக்காகவா?"

"பின்ன? அது என் அடுப்படி." கொஞ்சம் பொறுத்து, "நீயும்தான் ஏன் அடிச்சீங்கன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேப்ப கேப்பன்னு ஒரு வாரம் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்த சண்டை இது. மேட்ரன் சொல்லப்போகும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. இந்தப் பதிலுக்கு மட்டும் இல்லை.

"சரி, இப்பக் கேக்கறேன்," என்றாள். "எந்தக் கலர் அடிக்கட்டும்?"

மேட்ரன் தூங்கிவிட்டிருந்தார்.

நாலு மணிவாக்கில் மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் சமையலறைக்குள் வந்தது. முதலில் தரையில் ஒரு பட்டையாக விழுந்தது. பிறகு மயில்கழுத்து அலமாரிகளின் மேல் ஏறி, சுவரைத் தொட்டு, வெந்தயத்தையும் சாம்பலையும் கடந்து, மூன்றாவது சதுரத்தின் மேல் வந்து நின்றது. காலையிலிருந்து உப்புச்சப்பில்லாமல் கிடந்த மணல் நிறம் அது. இப்போது உள்ளிருந்து எதுவோ ஊறுகிற மாதிரி, காதுமடலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியுமே, அப்படி ஆகிவிட்டிருந்தது.

மேட்ரன் கண்ணைத் திறந்திருந்தார். முழுதாக.

"அது," என்றார். "அதான்."

"எதுக்கா, மூணாவதா?"

"மூணாவது இல்ல. இப்ப இருக்கறது." ஒவ்வொரு சொல்லாக வந்தது. இடையில் மூச்சு வந்து போக வழிவிட்டுப் பேசினார். "பொறந்ததும் நீலமா இருக்கும். உன் அலமாரி மாதிரி. தொடச்சு... முதுகுல தேச்சு... அழுக வரும். அழுதா நெஞ்சுலருந்து கலர் கிளம்பும். கைக்கு, காலுக்கு. காதுமடலுக்குத்தான் கடைசியா வரும். அது வந்தாத்தான் நான் கைய எடுப்பேன்." சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கலரு."

இத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், கரண்டிகளைச் சரிபார்ப்பார். அவ்வளவுதான் மேட்ரன்.

"உங்களுக்கு வெள்ளதான் பிடிக்கும்னுல்ல நாங்க நினைச்சோம்."

"வெள்ள வேலைக்கு. ரத்தம் எவ்வளவு போச்சுன்னு தெரியும்."

அவள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். பெயிண்டர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு வந்து சதுரத்தைக் காட்டினாள். அவர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"அம்மா, அது நான் அடிச்ச கலர் இல்ல. அது வெயிலு. வெயில எந்த டப்பாவுல போய் அடைக்கறது?"

"முடியாதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "இருபது நிமிஷத்துல வெயில் தள்ளிரும். அதுக்குள்ள பிடிச்சாத்தான் உண்டு. ஒரு பலகத்துண்டு குடுங்க."

அதன் பிறகு அவர் நேர்கோடு இல்லை, வேறு மனிதர். சமையலறை நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணல் நிறத்தை ஒரு வாளியில் ஊற்றி, சாயக் குப்பிகளைச் சுற்றிலும் பரப்பினார். காவி ஒரு கரண்டி. மஞ்சள் அரைக் கரண்டி. கலக்கி, பலகையில் ஒரு இழுப்பு இழுத்து, நிழலிலிருந்து நீட்டி, வெயில் விழுந்த சதுரத்தோடு ஒட்டிப் பிடித்தார். பக்கத்தில் வைத்ததும் அது செங்கல்லாகத் தெரிந்தது. இன்னும் வெள்ளை ஊற்றினார். அடுத்த இழுப்பு சுண்ணாம்பில் விழுந்த ரோஜா மாதிரி அசட்டுத்தனமாக இருந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் ஒருவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"சிவப்பு வேணாம். இன்னும் மஞ்சள். ஒரே சொட்டு."

"சொட்டுன்னா சொட்டுத்தான்," என்றார் அவர், குப்பியைச் சாய்த்து.

கணவர் சிங்க்கடியிலிருந்து தலையை நீட்டினார். "என்ன நடக்குது இங்க?"

"அக்கா கலர் கேட்டாங்க."

அவர் எழுந்து, ஸ்பானரை வைத்துவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டர் கலக்கினார். மூன்று பேர் தலையும் ஒன்றாகக் குனிந்திருந்தது. வெயில் சதுரத்தின் இடது ஓரத்தை விட்டு நழுவத் தொடங்கியிருந்தது. ஐந்தாவது இழுப்பை இழுத்துப் பலகையைச் சதுரத்தோடு சேர்த்துப் பிடித்தபோது, எது பலகை எது சுவர் என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பிவிட்டது.

பலகையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். மேட்ரனின் முகத்துக்கு எதிரே, எட்டாமலும் ஒட்டாமலும், வாசிக்கும் தூரத்தில் பிடித்தாள். மேட்ரன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆபரேஷன் மேசையருகே எத்தனையோ தடவை தூக்கியிருக்கக்கூடிய மாதிரி, ஒரு விரலை மட்டும் போர்வையிலிருந்து தூக்கினார். போதும்.

பெயிண்டர் ரோலரைக் கையிலெடுத்தார். மேலிருந்து கீழாக, ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி நீள நீளமாக உருட்டிக்கொண்டே போனார். சளக், சளக் என்று ஈரமான ஒரே தாளம். வெயில் போய்விட்டது. வெயில் போன பிறகும் சுவரில் அது இருந்தது.

மேட்ரனின் மூச்சு மாறியதை அவள் கையில்தான் முதலில் உணர்ந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடம் விழுந்தது. அந்த இடத்தில் ரோலரின் சத்தம் கேட்டது. "ஏங்க," என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. கணவர் வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். இந்த முறை போர்வையை இழுத்துவிடவில்லை. அக்காவின் பாதத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"அக்கா," என்றார். "குழாய் சரியாயிருச்சு."

மேட்ரன் சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஒரு மூச்சு வந்தது. ரோலர் கீழே போய் மேலே வந்தது. இன்னொரு மூச்சு. ரோலர் கீழே போய் மேலே வந்து, மறுபடி கீழே போய், மறுபடி மேலே வந்தது. அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"மணி பாருங்க," என்றாள் அவள். மேட்ரனின் வீட்டில் இருந்தவளுக்கு அது தெரியும். வருவதற்கும் மணி குறிக்க வேண்டும், போவதற்கும் குறிக்க வேண்டும்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் அவர் குரல் உடைந்தது.

சமையலறையில் ரோலரின் சத்தம் நின்றிருந்தது. பெயிண்டர் ஏணியில் பாதியில் நின்றுகொண்டு, சொட்டாமலிருக்க ரோலருக்கு அடியில் உள்ளங்கையைப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா... நான் இறங்கிரட்டுமா?"

அவள் மேட்ரனின் கண்களை மூடிவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்தாள். எழுந்தாள்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"முக்காச் சுவரு ஆயிருச்சு. இப்ப விட்டா ஈரம் காஞ்சு நடுவுல கோடு விழும். பரவால்லம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அப்புறம் தேச்சு அடிச்சுக்கலாம்."

"கோடு விழ வேணாம். முடிச்சிட்டு இறங்குங்க."

பெயிண்டர் அவள் கணவரைப் பார்த்தார். கணவர் தலையை அசைத்தார். ரோலர் மறுபடி நகர்ந்தது, இப்போது முன்னைவிட மெதுவாக, சத்தம் வராமல்.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் எதிர்வீட்டம்மா. கட்டிலருகே நின்று வாய்விட்டு அழுதார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் மேட்ரன் கையில் பிறந்தவர்கள். அழுது முடித்து மூக்கைத் துடைக்கையில்தான் சமையலறைப் பக்கம் கண் போனது.

"என்னடி இது? உடம்புச் சூடுகூட இன்னும் ஆறல. அங்க ஒருத்தரு பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருக்காரு! நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் சொன்னார்: "அக்கா சொன்ன வேலைங்க அது."

மேட்ரன் சொன்ன வேலை என்றால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கல்லூரிக்குப் போன் செய்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி வரும் என்றார்கள். நர்ஸ் வந்தாள். அவளும் நர்ஸும் கூடத்தில் திரையை இழுத்துவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து, மேட்ரனைத் துடைத்தார்கள். நர்ஸ் துடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால், "கையத் தூக்கறேன் சிஸ்டர்," "இந்தப் பக்கம் திருப்பறேன் சிஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே செய்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்கு மேட்ரன் கற்றுக்கொடுத்திருந்தார். தம்பி மனைவி மேட்ரனின் தலையைச் சீவிவிட்டாள். கடைசியாகக் காதுக்குப் பின்னால் துணியைக் கொண்டுபோனபோது அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம், சமையலறையில், கணவர் தனியாக நின்றிருந்தது அவளுக்குத் தெரியும். வெளியே போகச் சொல்லியும் போகவில்லை. ஒரு சமயம் அங்கிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. எதன் மேலோ கனமாகச் சாய்கிற சத்தமும் வந்தது.

ஆறரைக்கு வண்டி வந்தது. கல்லூரியிலிருந்து இரண்டு பேர். அதில் ஒரு பெண். மரியாதையாக நடந்துகொண்டார்கள். கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு, "நாங்க பாத்துக்கறோம்," என்றாள் அந்தப் பெண். யார் யார் பிடிப்பது என்ற பேச்சு வந்ததும் கணவர் முன்னால் போய்த் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். படியில் இறங்கும்போது மற்றவர்கள் தடுமாறினார்கள், அவர் தடுமாறவில்லை. எந்தக் கனத்தையும் குலுங்காமல் கீழே இறக்கத் தெரிந்த கைகள். தெரு முழுதும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒரு குழந்தை எங்கோ அழுது, உடனே அடங்கியது.

அவள் பின்னால் வந்தாள். வண்டிக்குள் ஏற்றிவிட்டு அவர் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அவருடைய கருநீல வேலைச் சட்டையின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, இரண்டு கை அகலத்துக்குச் சுவரின் நிறம் அப்பியிருந்தது. ரோலரின் புள்ளிப் புள்ளியான தடம்கூட அதில் அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இழுபட்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பெயிண்டரும் அதைப் பார்த்துவிட்டார். "அய்யய்யோ," என்று முணுமுணுத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை உருவி முன்னால் ஓரடி வைத்தார். "இப்பத் தொடச்சா போயிரும்மா, காஞ்சிட்டா போகாது..."

அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியை மெதுவாக மடித்து வைத்துக்கொண்டார்.

வண்டியின் கதவுகள் சாத்தப்பட்டன. அது தெருவின் கோடிவரை மெல்லப் போய், திரும்பி, மறைந்தது. வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தெருவிளக்குகள் எரிந்தன. கணவர் மட்டும் தெரு நடுவில், வண்டி போன திசையைப் பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் இரண்டடி பின்னால் நின்றாள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் முதுகிலிருந்த அந்த நிறம் மெல்ல மேலேறி, மெல்லக் கீழே இறங்கியது.